விடியற்காலையில் மட்டும் எழ மறுக்கும் கணினி

பாம்பன் தெற்குவாடி:

எல்லோருக்கும் தெரிந்த நோய்தான். பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், விண்டோஸ் சின்னம் வரும், கீழே புள்ளிகள் வட்டமடிக்கும், பட்டென்று அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எங்கள் வீட்டில் இது விடியற்காலையில் மட்டும் நடக்கிறது. பத்து மணிக்கு மேல் சமர்த்தாக ஓடும். ஆடிக் காற்று தொடங்கியதிலிருந்து இந்தக் கூத்து. வீடு மன்னார் வளைகுடாப் பக்கம். ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும், அவ்வளவு பக்கத்தில் கடல்.

மெக்கானிக் தம்பி தங்கச்சிமடத்திலிருந்து வருவார். எப்போது அழைத்தாலும் வெயில் ஏறிய பிறகுதான் வருவார். "நன்றாகத்தானே ஓடுகிறது, அக்கா?" என்பார். வந்ததற்காக விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவார். பொய் சொல்கிறவளைப் பார்ப்பதைப் போல என்னைப் பார்த்தாரே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒரு நாள் மீன் எடுக்க விடியற்காலையிலேயே வாடிக்கு வந்தவரை வழியில் மறித்து, மீன் பையோடு வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் கண் முன்னாலேயே கணினி விழுந்தது. பேசாமல் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, நினைவக அட்டையான ரேமை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பொன் நிறப் பற்களில் ஓரத்தில் இருந்த சிலவற்றில் பச்சையாகக் களிம்பு. வெண்கலக் குத்துவிளக்கில் படியுமே, அதே களிம்பு. மகளின் ரப்பரை வாங்கித் தேய்த்தார், பச்சைத் துகள் உதிர்ந்தது. மாட்டியதும் எழுந்துகொண்டது. அன்றைக்குக் காசு கேட்கவில்லை.

இப்போது மறுபடியும் விழ ஆரம்பித்திருக்கிறது. கடலோரத்தில் வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கேணிக்கரை:

களிம்பு இருந்திருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதுதான் காரணம் என்று முடிவுகட்டாதீர்கள். ரேமின் தொடர்பு முழுதாக விட்டுப்போனால் பெரும்பாலும் சின்னமே வராது. திரை இருட்டாகக் கிடக்கும், பீப் ஒலிதான் கேட்கும். சின்னம் வரை வந்து விழுகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது மின்சாரத்தைத்தான்.

என் மைத்துனர் வீட்டில் இதே கதை. காலையில் விழும், நாலைந்து தடவை அழுத்திக்கொண்டே இருந்தால் எழும். உள்ளே எல்லாவற்றையும் தாங்கும் பெரிய பலகையான மதர்போர்டைப் பார்த்தேன். கணினியின் மூளையான பிராசசருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும், மின்சாரத்தைத் தேக்கித் தரும் சிறு உருளைகளான கபாசிட்டர்களில் இரண்டின் தலை உப்பி, பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. அக்காவின் முடி உலர்த்தியை வாங்கி அவற்றின் மேல் கொஞ்ச நேரம் சூடு காட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். முதல் அழுத்திலேயே எழுந்தது. மைத்துனர் என்னை மந்திரவாதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

விஷயம் இதுதான். அந்தக் கபாசிட்டர்களுக்குள் இருப்பது திரவம். வயதானால் அது வற்றும், உள் எதிர்ப்பு கூடும். சூடேறினால் எதிர்ப்பு கொஞ்சம் குறையும். அதனால்தான் முதல் அழுத்துக்கு முரண்டு பிடித்தது ஐந்தாவது அழுத்துக்குப் பணிகிறது. தலையில் வெட்டுக்கோடு போட்டிருப்பதே அழுத்தம் மிஞ்சினால் அங்கே திறந்துகொள்ளட்டும் என்பதற்காகத்தான். அந்தத் தலை தட்டையாக இருக்க வேண்டும், லேசாக மேடு தட்டினாலும் அது போய்விட்டது என்று கொள்ளுங்கள். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள்ளும் இதே சரக்குதான் இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் திறக்கவே கூடாது. 230 வோல்ட் நேர்மின்னோட்டமாக (டிசி) மாறினால் ஏறக்குறைய 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கபாசிட்டரில் அது தங்கியிருக்கும். முழுப் பெட்டியையே மாற்றிவிடுங்கள். வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள், காற்றாக இருந்தால் வேண்டாம்.

எர்த்தையும் பாருங்கள். பாம்பன் மணலில் கம்பியை அடித்துவிட்டால் எர்த் ஆகிவிடாது. கோடையில் மணல் காய்ந்தால் அது வெறும் கம்பி. கரியும் உப்பும் போட்டுக் குழி எடுத்து, அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், கணினி பிறகு.

மண்டபம் முகாம்:

இவ்வளவு பெரிய பாடம் தேவையில்லை. மதர்போர்டில் காசு வடிவ பேட்டரி ஒன்று இருக்கும், 2032 என்று எண் போட்டிருக்கும். அதைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு மாட்டுங்கள். என்னுடையது அப்படித்தான் சரியானது. 2024 ஜூலையில் உலகம் முழுக்கக் கணினிகள் நீலத் திரையோடு விழுந்தனவே, அந்த வாரம்தான் என்னுடையதும் விழுந்தது. அந்தக் கிருமிதான்.

கேணிக்கரை:

அது கிருமியே இல்லை. ஜூலை 19 அன்று விழுந்தவை ஏறக்குறைய 85 லட்சம் கணினிகள். நிறுவனங்களுக்கான ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் வந்த வினை அது. விமான நிலையங்களும் வங்கிகளும் திண்டாடின. வீட்டுக் கணினியில் யாரும் அந்த மென்பொருளை வைத்திருப்பதில்லை. உங்களுடையது அதே வாரம் விழுந்தது, அவ்வளவுதான்.

கீழக்கரை, இப்போது துபாய்:

பேட்டரியைக் கழற்றச் சொல்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படிக்கவும்.

வாப்பா ஊரில் தனியாக இருக்கிறார். சுபுஹு தொழுதுவிட்டு வந்து குர்ஆன் ஓதுதல் கேட்பதும், பேரப்பிள்ளைகள் படம் பார்ப்பதும் கணினியில்தான். அங்கே ஐந்தரை என்றால் இங்கே நான்கு மணி. தூக்கத்தில் எடுத்தால் போட்டிம் என்ற அழைப்பு ஆப்பில் வாப்பாவின் குரல்: "நீலத்தில் ஒரு முகம் அழுகிறது, வாப்பா." எங்கள் பக்கம் பிள்ளைகளையும் வாப்பா என்றுதான் கூப்பிடுவோம். போனைத் திரைப் பக்கம் திருப்பச் சொன்னேன். திரையில் தெரிந்தது தொப்பியோடு அவர் முகமும் பின்னால் குழல் விளக்கும்தான். எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

அதன் காரணம் பெரிதில்லை. முந்தின இரவு ஒரு புதுப்பிப்பு இறங்கியிருந்தது. அடுத்தடுத்து இரண்டு தடவை விழுந்தால் அதற்கடுத்த தடவை விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போய்விடும். அங்கே கடைசியாக இறங்கிய புதுப்பிப்பை நீக்கும் வழி இருக்கிறது. தொடக்க அமைப்புகளுக்குப் போய் 4 அழுத்தினால் சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவற்றோடு மட்டும் எழும். இதைப் போனிலேயே சொல்லி முடித்திருப்பேன். அதற்குள் பக்கத்து வீட்டுப் பையன் வந்து, யாரோ சொன்னார்கள் என்று பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டான். விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்பு மாறிப்போனது. விண்டோஸின் பூட்டான பிட்லாக்கர் விழித்துக்கொண்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. புதுக் கணினிகளில் விண்டோஸ் 11 நாம் கேட்காமலேயே ஹார்டு டிஸ்கைப் பூட்டி வைத்திருக்கும். சாவி, முதன்முதலில் கணினியை அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அமைத்தது ரியாத்தில் இருக்கும் என் தம்பி.

அவனை எழுப்பி, அவன் ஆறு ஆறாக எட்டுத் தொகுதி எனக்குச் சொல்ல, நான் இன்னொரு போனில் வாப்பாவுக்குச் சொல்ல, வாப்பா ஒவ்வோர் இலக்கத்தையும் உரக்கத் திருப்பிச் சொல்லி விசையைத் தட்டினார். ஆறாவது தொகுதியில் நின்றுவிட்டார். "ஒன்றா, ஒன்பதா?" மூன்று ஊரிலும் யாரும் பேசவில்லை. தம்பி மறுபடி பார்த்து ஒன்பது என்றான். எழுந்தது. அந்த எண்ணை அன்றே வாப்பா கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுத வைத்தேன். பேட்டரியைக் கழற்றும் முன் அந்த எண் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள்.

வாலிநோக்கம்:

கேணிக்கரை ஐயாவுக்கு ஒரு கேள்வி. கபாசிட்டர் சூடேற வேண்டும் என்கிறீர்கள். ஆடி மாதத்தில் நம் ஊரில் குளிர் எங்கே இருக்கிறது? விடியற்காலையிலும் விசிறி இல்லாமல் படுக்க முடியவில்லை. ஜன்னலோரக் கணினிக்கு மட்டும் எந்த மலைக்காற்று வந்தது?

உப்பளம் பார்த்து வளர்ந்தவன் சொல்கிறேன். குவித்து வைத்த உப்பு விடியற்காலையில் மேல் தோல் நனைந்து கிடக்கும், வெயில் ஏறினால் காயும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்னாலேயே, 33 சதவீதம் வாக்கிலேயே இழுக்கும். உப்பு எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் இருப்பதும் அதுதான். விசிறி அந்தக் காற்றைத்தான் நாள் முழுக்க உள்ளே உறிஞ்சுகிறது. இரவில் கணினி சும்மா கிடக்கும்போது மதர்போர்டின் மேல் படிந்த உப்பு ஈரமாகும். ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும். பகலில் காய்ந்தால் கடத்தாது. அக்கா சொல்லும் நேரக் கணக்கு இதோடு அப்படியே பொருந்துகிறது.

என் வீட்டுக் கணினியைத் திறந்தபோது விசிறி இதழ்களில் இருந்தது தூசி இல்லை, ஈரப் பிசின். விரலால் வழித்து எடுத்தேன். சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்கின் இடுக்குகளில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. எஸ்எம்பிஎஸ் வாயில் பல்லி ஒன்று காய்ந்து கிடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரப்பரால் தேய்ப்பது அன்றைக்கு மட்டும்தான் உதவும். தங்கப் பூச்சும் தேய்ந்து போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, மென்மையான பிரஷால் ரேம் பற்களையும் அது உட்காரும் பள்ளத்தையும் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். அதைவிட முக்கியம், கணினியை அந்த ஜன்னலை விட்டு எடுங்கள்.

உச்சிப்புளி:

உப்பும் இல்லை, கபாசிட்டரும் இல்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைப் பாருங்கள். எங்கள் தெருவில் விடியற்காலையில் தண்ணீர் திறந்ததும் எல்லா வீட்டிலும் மோட்டார் ஒன்றாக ஓடும். குழல் விளக்கு மினுக்கும், ஸ்டெபிலைசர் முள் 170க்குக் கீழே போகும், கணினி விழும். ஒரு நாள் தெருமுனையில் குழாய் உடைந்து தண்ணீர் வரவில்லை. அன்றைக்குக் கணினி ஒழுங்காக எழுந்தது. தெருவே தண்ணீருக்குத் திண்டாடிக்கொண்டிருக்கிறது, நான் மட்டும் உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். யூபிஎஸ் வாங்கிப் போட்டேன், அதோடு தீர்ந்தது.

பாம்பன் தெற்குவாடி:

எல்லோருக்கும் நன்றி. மோட்டார் இல்லை. எங்கள் பக்கம் தினமும் தண்ணீர் வருவதில்லை, கணினி மட்டும் தினமும் விழுகிறது. கபாசிட்டர் தலைகளைக் கைவிளக்கு அடித்துப் பார்த்தேன், எல்லாம் தட்டை. பேட்டரியை நான் தொடவில்லை. கீழக்கரைத் தம்பி எழுதியதைப் படித்த பிறகு தொடுவேனா?

மெக்கானிக் தம்பியிடம் வாலிநோக்கத்தார் சொன்னபடி துடைக்கச் சொன்னேன். பிறகு மேசையோடு கணினியை உள் அறைக்கு மாற்றிவிட்டோம், அரிசி டின்னுக்குப் பக்கத்தில். இப்போது விடியற்காலையில் எழுகிறது. மகள் மட்டும் காற்று வரவில்லை என்று முணுமுணுக்கிறாள்.

வாலிநோக்கம்:

சொன்னேன் அல்லவா.

கேணிக்கரை:

அவசரப்படாதீர்கள். அறையை மாற்றியபோது பிளக் பாயிண்டும் மாறியதல்லவா? ஜன்னலோரப் பாயிண்டில் எர்த் இருந்ததா, பிடிப்பு தளர்ந்திருந்ததா என்று யார் பார்த்தது? கணினி அங்கேயே இருக்கட்டும், ஒரு நீட்டிப்பு வயர் போட்டுப் பழைய பாயிண்டில் செருகி விடியற்காலையில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் எழுந்தால் உப்பு என்று நானே ஒப்புக்கொள்கிறேன்.

பாம்பன் தெற்குவாடி:

மகளுக்குத் தேர்வு முடியட்டும் ஐயா. அதுவரை அந்தப் பாயிண்டில் கொசுவிரட்டிதான்.