நீக்கினாலும் திரும்பி வரும் குரோம் பாப்-அப்

தேக்காவாசி:
விண்டோஸ் 11, வீட்டுக் கணினி. வலது மூலையில் "5 வைரஸ் உள்ளன" என்று ஓயாமல் பாப்-அப். குரோமில் தெரியாத எக்ஸ்டென்ஷன் (உலாவியில் சேரும் கூடுதல் நிரல்) ஒன்றை நீக்கவே முடியவில்லை. மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று வேறு காட்டுகிறது.

ஈசூன் மணி:
இரண்டும் வெவ்வேறு சிக்கல், அண்ணே. மூலையில் வருவது பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்தில் "அனுமதி" அழுத்தியதன் பலன். செட்டிங்ஸ், பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் தெரியாத முகவரிகளை நீக்குங்கள்.

எக்ஸ்டென்ஷன்தான் பிடிவாதம். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) பாலிசி, அதாவது குரோமுக்கான கட்டாய விதி, எழுதி உட்கார்ந்திருக்கும். முதலில் டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் விண்டோஸ் கருவி) பவர்ஷெல் என்ற கட்டளை நிரலை ஓட்டும் சந்தேகமான வேலை இருந்தால் அழியுங்கள். இதை விட்டுவிட்டால் மறுபடி கணினியைத் திறந்ததும் பழைய கதைதான். பிறகு ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜெடிட்டைத் திறந்து போக வேண்டிய இடம்: லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், குரோம். எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு அந்தக் கோப்புறையை அழியுங்கள். கரன்ட் யூசரிலும் அதே இடத்தைப் பாருங்கள். குரோமை மூடித் திறந்தால் நீக்கு பட்டன் உயிர்பெறும்.

தெம்பனிஸ்_நெட்:
அலுவலகக் கணினியில் இதைச் செய்துவிடாதீர்கள், அங்கே "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற வரி உண்மை! தொடங்குமுன் குரோமின் சிங்க்கை (கூகுள் கணக்கோடு ஒத்திசைப்பது) அணையுங்கள். கணக்கு வழியாகவும் எக்ஸ்டென்ஷன் திரும்பி வரும். கடைசியாக அட்வ்கிளீனர் என்ற விளம்பர நிரல் நீக்கும் கருவியை ஒருமுறை ஓட்டினால் மிச்சம் மீதி சிக்கும்.

காக்கி_புக்கிட்:
பாப்-அப்பில் தொலைபேசி எண் இருந்தால் அதை அழைக்காதீர்கள். ஏற்கெனவே அழைத்திருந்தால் வேறு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்கும் சொல்லுங்கள். சந்தேகமென்றால் சிங்கப்பூரின் மோசடி உதவி எண்ணான ஸ்கேம்ஷீல்டு 1799.