இணையக் கட்டணத்தைக் கூட்டிவிட்டார்கள்: எங்கே, எப்படிக் கேட்பது?

மல்லாவிக் கடை:

எல்லோருக்கும் வணக்கம். இலங்கையின் வடக்கே, வன்னியிலுள்ள மல்லாவியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கொப்பி எடுப்பது பாதி வேலைதான். பரீட்சைப் பெறுபேறு பார்த்து அச்சிட்டுக் கொடுப்பது, பல்கலைக்கழக விண்ணப்பம், கடவுச்சீட்டு விண்ணப்பம், மின்கட்டணம், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை அனுப்பிய ஆவணத்தை எடுத்துக் கொடுப்பது என்று மீதி வேலை முழுவதும் இணையத்தில்தான் நடக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் இரவு பூட்டும்வரை ரவுட்டருக்கு ஓய்வில்லை.

போன மாதக் கடைசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. முழுவதும் ஆங்கிலம். வரி மாற்றங்களாலும் செயற்பாட்டுச் செலவுகளாலும் முதலாம் திகதியிலிருந்து மாத வாடகை திருத்தப்படுகிறது என்பது அதன் சாரம். எவ்வளவு கூடுகிறது என்று ஒரு சொல் இல்லை. பில் வந்த பிறகே தெரிந்தது: 2,100 ரூபா கட்டிவந்த எனக்கு இப்போது 2,650 ரூபா.

பொருட்கள் எல்லாம் விலை ஏறித்தான் இருக்கின்றன, அது எனக்கும் தெரியும். என்னை எரிச்சல்படுத்துவது வேறு. பின்னேரம் நான்கு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடைக்கு வரத் தொடங்கும் நேரத்தில்தான் இணைப்பும் படுத்துவிடுகிறது. ஒரு விண்ணப்பப் பக்கம் திறப்பதற்குள் ஐந்தாறு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பாண்டியன்குளத்திலிருந்து சைக்கிளில் வந்த பிள்ளையிடம் "நாளைக்கு வாங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. மின்சாரம் நின்றால் சற்று நேரத்தில் சிக்னலும் போய்விடும். கொழும்பில் இருப்பவர் இதே பக்கேஜுக்கு இதே பணம்தான் கட்டுகிறார்; அவருக்குக் கிடைக்கும் வேகம் எனக்குக் கிடைப்பதில்லை.

வேறு நிறுவனத்துக்கு மாறுங்கள் என்று சொல்வீர்கள். எங்கள் வீதிக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. மற்ற நிறுவனத்தின் சிக்னல் கடைக்கு வெளியே வேப்பமரத்தடியில் மட்டும் வருகிறது, உள்ளே வருவதில்லை.

ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் இப்படிக் கூட்ட அவர்களுக்கு அனுமதி உண்டா? தமிழில் எங்கே முறையிடலாம்? பிள்ளைகளிடம் ஒரு பக்கத்துக்கு வாங்கும் காசைக் கூட்ட எனக்கு விருப்பமில்லை, ஆகவே செலவைக் குறைக்க வழி தெரிந்தாலும் சொல்லுங்கள்.

கிளிநொச்சித் திருத்துநர்:

அக்கா, முதலில் பில்லில் வாடகையையும் வரியையும் பிரித்துப் பாருங்கள். "வரி மாற்றம்" என்று பொதுவாகச் சொல்வதை அப்படியே விழுங்கக் கூடாது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1ஆம் திகதி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. ஆயிரம் ரூபா வாடகைக்கு முன்பு 1,150 கட்டினோம், பிறகு 1,180. ஆயிரத்துக்கு 30 ரூபா வித்தியாசம். உங்கள் 2,100 ரூபா பில்லில் அப்படியொரு மாற்றம் நேர்ந்தால் ஏறக்குறைய 55 ரூபாதான் கூடும். 550 ரூபா கூடியிருக்கிறது என்றால் கூடியது வாடகை. அதை வரியின் தலையில் கட்ட முடியாது. பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாடகை எவ்வளவு, வரி எவ்வளவு என்று எழுதி வையுங்கள். முறையிடும்போது முதலில் கேட்கப்படுவது இதுதான்.

பின்னேர வேகக் குறைவுக்கு வருகிறேன். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறந்தால் (முகவரி பெரும்பாலானவற்றில் 192.168.1.1 அல்லது 192.168.8.1), ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்று ஒரு எண் இருக்கும், கைப்பேசிக் கோபுரத்திலிருந்து வரும் சிக்னலின் பலத்தைக் காட்டுவது. அது மைனஸ் 90 அளவில் இருந்தால் சிக்னல் நல்லது. மைனஸ் 110க்குக் கீழே போனால் மோசம். அப்போது கூரைக்கு மேலே வெளி அன்டெனா பூட்டினால் பலன் உண்டு. எண் நல்லதாக இருந்தும் பின்னேரத்தில் மட்டும் படுக்கிறது என்றால் கோபுரத்தில் நெரிசல். ஒரே கோபுரத்தின் கொள்ளளவை அந்த வட்டாரத்தில் உள்ள எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். அதற்கு நீங்கள் அன்டெனா வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம், அது நிறுவனம் செய்ய வேண்டிய வேலை. காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் வேகத்தைச் சோதித்து, திரையைப் படமெடுத்து, திகதியோடு சேர்த்து வையுங்கள். ஒரு வாரம் போதும்.

செலவு விஷயத்தில் ஒன்றே ஒன்று. கடைக் கணினியில் விண்டோஸ் இணைப்பை "அளவிடப்பட்ட இணைப்பு" என்று மாற்றி விடுங்கள். புதுப்பிப்புகள் பெருமளவு பின்னணியில் இறங்குவது நிற்கும். வீட்டில் வீடியோ பார்ப்பவர்கள் இருந்தால் தரத்தைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்: உயர்தர வீடியோ மணிக்கு மூன்று ஜிபி வரை குடிக்கும், சாதாரணத் தரம் ஒரு ஜிபிக்குள் அடங்கும். இவ்வளவும் செய்தால் ஒரு படி சிறிய பக்கேஜ் உங்களுக்குப் போதுமானதாகலாம்.

மாங்குளத்தான்:

நான் சில காலம் கோபுரப் பராமரிப்பில் வேலை செய்தவன். நிறுவனங்களுக்காகப் பேச வரவில்லை, ஆனால் கணக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. கோபுரத்தின் உபகரணம் எல்லாம் டொலரில் வாங்குவது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மின்சாரம் நின்றால் பெற்றரியில் ஓடும், பெற்றரி இறங்கினால் ஜெனரேட்டர். 121 ரூபாவுக்கு இருந்த டீசல் அதே ஆண்டு ஜூன் மாதம் 460 ஆனது. அந்தச் செப்டெம்பரில்தான் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 20 வீத அதிகரிப்புக்கு அனுமதி கொடுத்தது. வன்னியில் ஒரு கோபுரத்துக்குக் கீழே இருக்கும் வீடுகள் குறைவு. ஒட்டுசுட்டான் காட்டுப் பாதையில் டீசல் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு கொழும்பு வெள்ளவத்தையில் இல்லை. இதையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுவோம்.

மல்லாவிக் கடை:

தம்பி, நீங்கள் சொன்ன கணக்கை நான் மறுக்கவில்லை. 2022 செப்டெம்பர் 5ஆம் திகதி அந்த 20 வீதம் வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்த மாதம் முதலாம் திகதிதான் பெறுமதி சேர் வரியும் 12இலிருந்து 15 ஆகியிருந்தது. ஒக்டோபரில் சமூகப் பாதுகாப்பு வரி இரண்டரை வீதம் வேறு. எல்லாவற்றையும் கட்டினேன். நாடே நெருப்பில் நின்றபோது இதற்கு நான் முகம் சுளிக்கவில்லை. ஆனால் டீசல் பிறகு இறங்கியது, டொலரும் 300 அளவுக்கு வந்தது. என் பில் ஒரு ரூபாவாவது இறங்கியதில்லை. ஏறும்போது காரணம் சொல்கிறவர்கள் இறங்கும்போது ஏன் வாய் திறப்பதில்லை என்பதுதான் என் கேள்வி.

கோபுரத்துக்கு டீசல் கொண்டுபோகும் செலவு அதிகம் என்றால், அந்தச் செலவுக்கான பணத்தை நான் கட்டிக்கொண்டுதானே இருக்கிறேன்? பிறகு ஏன் மின்சாரம் நின்ற அரை மணி நேரத்தில் சிக்னல் போகிறது? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது வன்னியின் பல இடங்களில் தொடர்பே அறுந்து கிடந்தது. அது இயற்கை, அதை யாரும் குறை சொல்லவில்லை. நான் சொல்வது வெயில் எறிக்கும் சாதாரண நாட்களை.

ஒட்டுசுட்டான் ஓய்வு ஆசிரியர்:

தங்கச்சி, நீர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. என் பங்குக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன்.

நிறுவனங்கள் தாமாக நினைத்தபடி கட்டணம் வைக்க முடியாது. ஆணைக்குழுவின் அங்கீகாரம் வேண்டும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும் பிறகு அதற்கு வந்த திருத்தங்களும்தான் அடிப்படை. ஆகவே உங்கள் கடிதத்தில் "ஏன் கூட்டினீர்கள்" என்று மட்டும் எழுதினால் ஒரு பொதுவான பதில் வரும். "இந்தப் பக்கேஜின் புதிய கட்டணத்துக்கு எந்தத் திகதியில் அங்கீகாரம் கிடைத்தது, வாடிக்கையாளருக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் தர வேண்டும், என் ஒப்பந்தத்தின் எந்த வாசகம் இடையில் கட்டணத்தை மாற்ற இடம் தருகிறது" என்று எழுதுங்கள். மூன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தத்தை எடுத்து நீங்களும் வாசியுங்கள். கட்டணம் மாறலாம் என்ற வாசகம் பெரும்பாலும் உள்ளே இருக்கும். அது இருந்தாலும் முன்னறிவித்தலைப் பற்றிய கேள்வி நிற்கும்.

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். பதில் திருப்தியில்லாவிட்டால் ஆணைக்குழு: 276, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 08. தொலைபேசி 1900. அது அரச நிறுவனம். அரசியலமைப்பின்படி தமிழும் அரசகரும மொழி. தமிழில் எழுதினால் தமிழில் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவரைத் தேடி அலைய வேண்டாம்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. ஒரு காலத்தில் இந்த நாட்டில் ஐந்து கைப்பேசி நிறுவனங்கள் இருந்தன. 2018இல் எதிசலாத் ஹட்ச்சுடன் சேர்ந்தது, 2024இல் எயார்டெல் டயலொக்குடன் சேர்ந்தது. இப்போது மூன்று. கொழும்பில் மூன்றும் போட்டி போடும். துணுக்காயில் ஒரு வீட்டுக்குள் சிக்னல் வருவது ஒன்றிலிருந்துதான் என்றால், அந்த வீட்டுக்குப் போட்டி என்று ஒன்று இல்லவே இல்லை. போட்டி இல்லாத இடத்தில் ஒழுங்குபடுத்துபவர்தான் வாடிக்கையாளரின் பக்கம் நிற்க வேண்டும். இதைக் கடிதத்தில் கட்டாயம் எழுதும்.

டொராண்டோவிலிருந்து:

அம்மா முள்ளியவளையில் தனியாக இருக்கிறார். அவருடைய இணையக் கட்டணத்தை இங்கிருந்து நான்தான் கட்டுகிறேன். பணம் எனக்குப் பெரிய பாரமில்லை என்பது உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அம்மாவின் முகம் உறைந்து நின்றுவிடும், குரல் மட்டும் வரும், பிறகு அதுவும் போய்விடும். கட்டணம் கூடிய மாதத்திலும் அப்படியேதான். இங்கே கட்டணம் கூட்டினால் தொலைபேசியில் அழைத்து "நிறுத்தப் போகிறேன்" என்றால் பல நேரங்களில் இறங்கி வருவார்கள், ஏனென்றால் நான் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவேன் என்று அவர்களுக்குத் தெரியும். அம்மாவுக்காக அப்படிச் சொல்ல வழியில்லை.

செய்மதி இணையம் பற்றி யாராவது விசாரித்தீர்களா? ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கியதாக அறிந்தேன்.

கிளிநொச்சித் திருத்துநர்:

அண்ணா, தொடங்கியது உண்மை. வானம் தெரியும் இடமென்றால் காட்டுக்குள்ளும் வேலை செய்யும். ஆனால் 2025இல் தொடங்கியபோது கருவியின் விலை மட்டும் ஒரு லட்சம் ரூபாவுக்கு மேல் இருந்தது, மாத வாடகையும் மல்லாவி அக்கா கட்டுவதைப் போல் பல மடங்கு. பாடசாலையோ கூட்டுறவுச் சங்கமோ சேர்ந்து எடுத்தால் பொருந்தும். தனி ஆளுக்கு வேண்டாம். உங்கள் அம்மாவின் ரவுட்டர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? அலுமாரிக்குப் பின்னால் என்றால் கோபுரம் இருக்கும் திசையிலுள்ள யன்னலோரம் மாற்றச் சொல்லுங்கள். செலவில்லை.

மல்லாவிக் கடை:

அண்ணன்மார், தம்பிமார், மாஸ்டர், எல்லோருக்கும் நன்றி. இரண்டு பில்லையும் பிரித்துப் பார்த்துவிட்டேன். கிளிநொச்சித் தம்பி சொன்னதுதான் சரி: வரி வீதத்தில் மாற்றமில்லை, வாடகைதான் ஏறியிருக்கிறது. வாடகை ஏறியதால் அதன்மேல் விழும் வரியும் தன்பாட்டில் ஏறியிருக்கிறது. ரவுட்டரின் எண் மைனஸ் 88 காட்டுகிறது. அப்படியென்றால் கோபுர நெரிசல். காலை, மாலை வேகத்தை இன்றிலிருந்து பதிந்துகொண்டு வருகிறேன்.

மாஸ்டர் சொன்ன மூன்று கேள்விகளோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்திருக்கிறேன்: எங்கள் கோபுரத்தின் கொள்ளளவை எப்போது கூட்டப் போகிறீர்கள், திகதி சொல்லுங்கள். கடிதம் தமிழில் தட்டச்சு ஆகிவிட்டது, பதிவுத் தபாலில் போகும்.

தனி ஒருத்தியின் கடிதமாகப் போவதை விடப் பத்துப் பேருடையது சேர்ந்து போவது நல்லது. மல்லாவி, துணுக்காய், பாண்டியன்குளம், வவுனிக்குளம் பக்கத்தில் இதே போலப் பில் கூடியவர்கள் பழைய பில்லையும் புதிய பில்லையும் கொண்டு கடைக்கு வாருங்கள். கடிதத்தில் உங்கள் பெயரையும் கணக்கு இலக்கத்தையும் மாற்றித் தருகிறேன். இந்தக் கடிதத்துக்கும் பில்லுக்கும் கொப்பி எடுக்கக் காசு வாங்க மாட்டேன். காலையில் வந்தால் நல்லது, பின்னேரம் பிள்ளைகள் நிற்பார்கள்.