வலிக்கிற இடம் ஒன்று, கோளாறு வேறிடத்தில்: நம்ம மாவட்டத்து நரம்பு அனுபவங்கள்

நாகர்கோவில், பிசியோதெரபி செய்பவர்:

கால் மரத்தால் காலைத் தேய்க்கிறோம், கை கடுத்தால் கைக்குத் தைலம் போடுகிறோம். பல நேரம் கோளாறு அங்கே இருக்காது. நரம்பு போகிற வழியில் எங்கோ இருக்கும். வழி தெரிந்தால் இடம் பிடிபடும்.

மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோ. அதன் அடியில் இருக்கும் முகுளம்தான் மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனிக்கிறது. அங்கிருந்து தண்டுவடம் முதுகெலும்புக்குள் இறங்குகிறது. பெரியவர்களுக்கு அது சுமார் 45 செ.மீ. நீளம், இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்புப் பக்கமே முடிந்துவிடும். மூளையிலிருந்து 12 சோடி, தண்டுவடத்திலிருந்து 31 சோடி நரம்புகள் கிளம்புகின்றன. கால் பெருவிரலின் தொடு உணர்வைச் சுமக்கிற செல்லின் உடல் முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கிறது. அதன் இழை விரல் நுனிவரை ஒரே ஓட்டமாகப் போகிறது, கிட்டத்தட்ட ஒரு மீட்டர்.

நீங்கள் பட்டதை எழுதுங்கள். எந்த நரம்பு என்று நான் சொல்கிறேன்.

கருங்கல் பக்கம், அண்டி ஆபீஸ் (முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை) வேலை:

அக்கா, எனக்கு அண்டி தல்லுற வேலை. நாள் முழுக்கக் குத்தவச்சுதான் இருப்பு. ஒரு சாயங்காலம் எழும்பி நடக்கேன், வலது கால் செருப்பு கழண்டு கழண்டு போவுது. பாதம் மேல எழும்ப மாட்டேங்குது. வாசப்படில விரல் இடிச்சு விழப் போனேன். வலி துளிகூட இல்ல. வாதம் வந்துட்டுன்னு வீட்டுல எல்லாரும் அழுதாவ, பாதத்துக்கு எண்ணெ போட்டுத் தடவினாவ. டாக்டரு முட்டுக்குக் கீழ வெளிப்பக்கமா விரலால தட்டினாரு, பாதத்து மேல சுர்ருன்னுச்சு. குத்தவைக்கக் கூடாது, பலகை போட்டு உக்காருன்னாரு. பாதம் தொங்காம இருக்க ஒரு பட்டையும் குடுத்தாரு. ஓணத்துக்கு முன்ன தொடங்கினது, கிறிஸ்மஸுக்குள்ள சரியாச்சு.

நாகர்கோவில்:

முட்டுக்கு வெளிப்பக்கம் இருக்கிற மெல்லிய எலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு வருகிறது. அந்த இடத்தில் அதற்கு மேலே தோலைத் தவிர வேறு காவல் இல்லை. பாதத்தைத் தூக்கும் தசைகளுக்கு அதுதான் கட்டளை கொண்டுபோகிறது. நெடுநேரம் குத்தவைத்தால் நசுங்கும். மேலே இருக்கிற மயலின் உறை மட்டும் கெட்டிருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டுவிடும். உள்ளிழையே அறுந்தால் நாளைக்கு ஏறத்தாழ 1 மி.மீ.தான் வளரும். உங்களோடு வேலை செய்கிற எல்லா அக்காமாரிடமும் சொல்லுங்கள்: செருப்பு கழன்றால் அன்றைக்கே இருப்பை மாற்றவேண்டும்.

குலசேகரம், ரப்பர் பால்வெட்டு:

நடுராத்திரி கை மரத்து முழிப்பு வருது அக்கா, உதறினா கொறையும். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல்ல பாதி. சுண்டுவிரலுக்கு ஒண்ணுமே இல்ல. ஒரே விரல்ல எப்படி பாதி?

நாகர்கோவில்:

நல்லாக் கவனிச்சிருக்கீங்க அண்ணே, அந்தப் பாதிதான் நோயைக் காட்டிக்கொடுக்கிறது. நீங்கள் சொன்ன விரல்களுக்கு உணர்வு கொண்டுபோகிற நரம்பு மணிக்கட்டில் ஒரு கெட்டியான பட்டைக்கு அடியில் நுழைந்து வருகிறது. கத்தி பிடித்து மணிக்கட்டை ஓயாமல் வளைப்பதில் அங்கே நெருக்கம். சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் வேறு நரம்பின் பங்கு. அது முழங்கைக்குப் பின்னால் வருகிறது. ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்டிப் படுங்கள். பெருவிரல் அடியில் சதை வற்றினால் காத்திருக்கக் கூடாது.

நெய்யூர், ஓய்வுபெற்ற சுகாதாரப் பணியாளர்:

அந்த முழங்கை நரம்பைப் பற்றி நானும் சொல்லணும். எங்க ஊரில் 1838லேயே மிஷன் மருத்துவப் பணி வந்துவிட்டது. நான் இருந்தது அரசு வேலையில். தொழுநோய் தேடி வீடு வீடாகப் போவோம். தோலில் வெளுத்த தேமல் இருக்கிறதா, அதில் பஞ்சு பட்டால் தெரிகிறதா என்று பார்ப்போம். பிறகு முழங்கைக்குப் பின்னால் விரல் வைத்து நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவுவோம். அந்தக் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த பகுதிகள் பிடிக்கும், அதனால் தோலை ஒட்டி ஓடும் நரம்புகளில் குடியேறும். விரல் மடங்கிப்போவது கடைசியில்தான். அதற்கு ரொம்ப முன்னாலேயே நரம்பு சொல்லிவிடும். 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து இன்றைக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. வெட்கப்பட்டு மறைக்காதீங்க.

பூதப்பாண்டி பக்கம்:

இது நரம்புதானான்னு நீங்கதான் சொல்லணும் அக்கா. மழைக்காலம், தம்பி தரையில பாய் விரிச்சுப் படுத்திருந்தான். விடியக்காலம் வயித்துவலின்னு எழும்பினான். ராத்திரி தின்ன மரச்சீனி ஒத்துக்கலன்னு அம்மா சுக்குக் காப்பி போட்டாவ. கொஞ்ச நேரத்துல, "இமை எழும்ப மாட்டேங்குது அண்ணே"ன்னான். பொறவு எச்சில் முழுங்க முடியல, குரல் மூக்கு வழியா வந்துது. உடம்புல வீக்கமோ ரத்தமோ இல்ல. பக்கத்து வீட்டு அண்ணன்தான், இது கட்டுவிரியனா இருக்கும், நிக்காதீங்கன்னாரு. பைக்ல நடுவுல வச்சுக் கொண்டுபோனோம். ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரி போறதுக்குள்ள கழுத்து நிக்கல. மூச்சுக்கு மெஷின் வச்சாவ.

கண்ணு மூடி, கை கால் அசையாம கிடந்தான். பிள்ள போயிட்டான்னு அம்மா தலையில அடிச்சாவ. ஒரு நர்சு வந்து, "அவருக்கு எல்லாம் கேக்கும், அழாம பேசுங்க"ன்னாங்க. மாறி மாறிப் பேசினோம். எழும்பி வந்த பொறவு, அம்மா என்னென்ன நேர்ச்சை நேந்தாவன்னு ஒண்ணு விடாம சொன்னான்.

நாகர்கோவில்:

இது நரம்பேதான் தம்பி. உங்கள் தம்பிக்கு மூளை நன்றாக இருந்தது, தசையும் நன்றாக இருந்தது. நரம்பு முடிந்து தசை தொடங்குகிற இடத்தில் மிக நுண்ணிய இடைவெளி உண்டு. நரம்பு நுனி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டால்தான் கட்டளை அந்தப் பக்கம் போய்ச்சேரும். கட்டுவிரியன் விஷம் அந்த நுனியைக் கெடுக்கிறது. அதனால் கேட்கும், நினைக்கும். அசைய மட்டும் முடியாது. இமை முதலில் விழும், மூச்சுத் தசை பின்னால் விழும். விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றுகிற விஷத்தைப் பிடிக்கும். ஏற்கனவே கெட்ட நுனிகளைத் திருப்பித் தராது. அவை புதிதாக முளைக்கிறவரை மெஷின்தான் மூச்சு. ஆகவேதான் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. அதன் பல் சின்னது, தூக்கத்தில் கடித்தால் தெரியாமலே போகும். தரையில் படுத்தவருக்கு விடியலில் வயிற்றுவலியும் இமைச் சரிவும் சேர்ந்து வந்தால், கடிவாய் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கட்டுப்போடவோ கீறவோ வேண்டாம்.

குளச்சல்:

வள்ளத்துல வச்சு சித்தப்பாவுக்கு வலக்கை தளந்து பேச்சு குழறிச்சு. அடைப்பு இடப்பக்க மூளையிலன்னாவ. அதெப்படி?

நாகர்கோவில்:

அசைவுக் கட்டளை கொண்டுவரும் இழைகளில் பெரும்பாலானவை முகுளத்தில் பக்கம் மாறுகின்றன. பேச்சும் பெரும்பாலோருக்கு இடப்பக்கம்தான். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதனால் கரைக்கு வந்ததும் நேரே ஆஸ்பத்திரி.

அகஸ்தீஸ்வரம் பக்கம்:

அப்பா பனையேறி. அக்கானி (பதநீர்) இறக்கும்போது விழுந்தாவ. விழுந்த இடத்துலயே, "காலு தெரியல மக்ளே"ன்னாவ. நாலு பேரு கையும் காலும் பிடிச்சுத் தூக்கி, ஆட்டோவுல மடக்கி வச்சுக் கொண்டுபோனாவ. தண்டுவடத்துல அடின்னாவ. கொஞ்ச நாள் கழிச்சு நான் பாதத்தத் துடைக்கையில கால் வெடுக்குன்னு மடங்கிச்சு. கால் வந்துட்டுன்னு தெரு முழுக்க மிட்டாய் குடுத்தோம். டாக்டர் மட்டும் சிரிக்கல. ஏன்னு யாரும் எங்களுக்கு விளக்கிச் சொல்லல.

நாகர்கோவில்:

உங்களுக்கு யாராவது அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் மோளே. பாதத்தைத் தொட்ட சேதி தண்டுவடத்துக்குப் போய், அங்கிருந்தே தசைக்குத் திரும்பி வந்துவிட்டது. மூளையைக் கேட்கவே இல்லை. சூடான சட்டியில் கை பட்டதும் நாம் இழுத்துக்கொள்வதும் இப்படித்தான். அப்பாவுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே தண்டுவடம் உயிரோடு இருக்கிறது, மூளைக்குப் போகிற வழிதான் அறுந்திருக்கிறது. அவர் நினைத்து விரலை அசைத்தாலோ, நீங்கள் தொடுவது அவருக்குத் தெரிந்தாலோ அதுதான் நல்ல செய்தி. கை கால் நரம்பு வளர்வதுபோல் தண்டுவட இழைகள் வளர்வதில்லை. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

பனையேறிகள் இருக்கிற ஊரில் எல்லாரும் தெரிந்துகொள்ளவேண்டியது: விழுந்தவரை மடக்கித் தூக்கக் கூடாது. தலையும் கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் இருக்க, கதவுப் பலகையில் கிடத்திக் கொண்டுபோங்கள்.

அப்பாவை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். டிஸ்சார்ஜ் தாளில் எந்த முள்ளெலும்பு என்று எழுதியிருக்கும். நெஞ்சுப் பகுதியின் ஆறாவது எலும்போ அதற்கு மேலோ என்றால், மூத்திரம் அடைத்தாலே ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தலை வெடிக்கிற வலியும் முகத்தில் வியர்வையும் வந்தால் உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, மூத்திர டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தாளைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.