கொசோவோ ஜூடோ: மூன்று ஒலிம்பிக் தங்கங்களும் பெயா நகரிலிருந்தே வந்தது எப்படி?

கேள்வி (எழுதியவர்: பச்சைப்பட்டை)

வணக்கம். சிறுவர்களுக்கு ஜூடோ சொல்லித்தரும் வகுப்பில், வாரத்திற்கு ஒரு நாள் பயிற்சி முடிந்தபின் பத்து நிமிடம் ஏதாவது ஒரு நாட்டின் ஜூடோ வரலாற்றைச் சொல்வது என் வழக்கம். ஜப்பானையும் பிரான்சையும் முடித்துவிட்டேன். அடுத்த வாரத்திற்குக் கொசோவோவை எடுத்துக்கொண்டு படிக்கத் தொடங்கியதில், வியப்பு குறையாமல் கூடிக்கொண்டே போகிறது.

2008 பிப்ரவரியில் விடுதலையை அறிவித்த அந்த நாட்டின் மக்கள்தொகை இருபது லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஒலிம்பிக்கில் அது முதன்முதலாகக் கலந்துகொண்டதே 2016-இல்தான். 2024 பாரிஸ் போட்டி வரை அது வென்ற ஒலிம்பிக் பதக்கங்கள் ஐந்து. ஐந்துமே ஜூடோவில், ஐந்துமே பெண்கள் வென்றவை. ரியோவில் மய்லிண்டா கெல்மெண்டி, டோக்கியோவில் டிஸ்ட்ரியா கிராஸ்னிச்சி, நோரா ஜியாகோவா என்று தங்கம் வென்ற மூவரும் பெயா என்ற ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள், ட்ரிட்டான் கூகா என்ற ஒரே பயிற்சியாளரிடம் வளர்ந்தவர்கள்.

பயிற்சியாளர் ஒருவரின் திறமை என்று சொல்லி இதை முடித்துவிடலாமா? அல்லது நான் கவனிக்காமல் விட்ட வேறு காரணம் உண்டா? பிள்ளைகளிடம் "கடுமையாக உழைத்தார்கள், வென்றார்கள்" என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி 1 (எழுதியவர்: பழைய தடாமி)

நல்ல கேள்வி. கூகாவிடமிருந்து தொடங்குவதே சரி. அதிலும் அவர் வென்ற போட்டிகளை விட, அவருக்குக் கிடைக்காமலே போன ஒரு போட்டியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

கொசோவோவையும் உள்ளடக்கி யுகோஸ்லாவியா ஒரே நாடாக இருந்த காலத்தில் கூகா அங்கு நம்பிக்கைக்குரிய இளம் ஜூடோ வீரர்; 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கை எதிர்நோக்கியிருந்தவர். நாடு சிதறத் தொடங்கியதும், கொசோவோவின் அல்பேனிய விளையாட்டு வீரர்கள் யுகோஸ்லாவிய அணிகளிலிருந்து விலகினர். உடல் உச்சத் தகுதியில் இருந்த வயதில் அவருக்கு அனைத்துலகப் போட்டிகளின் கதவு அடைபட்டது. ஜூடோக்காரருக்கு அந்த ஏழெட்டு ஆண்டுகள் போய்விட்டால் மீண்டும் கிடைப்பதில்லை. காயத்தால் ஓய்வுபெறுபவருக்காவது "இனி முடியாது" என்று உடலே சொல்லிவிடும். இவருக்கோ உடல் தயாராகவே இருந்தது. போய் நின்று சண்டையிட ஒரு மேடைதான் இல்லை.

பிறகு 1999-இல் போர். பெயா மிகக் கடுமையாகச் சேதமடைந்த ஊர்களில் ஒன்று. போர் ஓய்ந்தபின் கூகா அங்கே பிள்ளைகளைச் சேர்த்து ஜூடோ சொல்லித்தரத் தொடங்கினார். அப்படி வந்து சேர்ந்தவர்களில் ஒருத்திதான் எட்டு வயது கெல்மெண்டி. 1991-இல் பிறந்த அந்தச் சிறுமி வெள்ளைப்பட்டை கட்டியபோது அவள் நாட்டுக்கு ஒலிம்பிக் குழுவே கிடையாது. ஒலிம்பிக் பதக்கத்தைக் குறிவைத்து அந்தப் பிள்ளைகளைப் பயிற்றுவித்தவரிடம், அவர்களை எந்தக் கொடியின் கீழ் அனுப்புவது என்ற கேள்விக்குப் பல ஆண்டுகள் விடையே இருக்கவில்லை. உங்கள் வகுப்பில் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பேன்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் கெல்மெண்டி அல்பேனியாவின் பெயரில் களமிறங்கித் தொடக்கச் சுற்றுகளிலேயே வெளியேறினார். பன்னாட்டு ஜூடோ கூட்டமைப்பு அதே ஆண்டில் கொசோவோவைத் தன் உறுப்பினராக ஏற்றது. பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் முழு ஏற்பு 2014 டிசம்பரில்தான் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே, 2013-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகப் போட்டியின் 52 கிலோ இறுதியில், பிரேசிலின் எரிக்கா மிராண்டாவை அவருடைய சொந்த மண்ணிலேயே வென்று கெல்மெண்டி உலக வாகையர் ஆனார். என்னைக் கேட்டால், கொசோவோ ஜூடோவின் திருப்புமுனை 2016 தங்கம் அன்று. இந்த 2013 வெற்றிதான். ஒலிம்பிக் கதவு திறப்பதற்கு முன்பே, உலகில் யாரையும் வெல்லக்கூடியவர் ஒருவர் அந்த ஊரில் இருக்கிறார் என்பது அன்று உறுதியாகிவிட்டது.

மறுமொழி 2 (எழுதியவர்: பிடிச்சண்டை)

மேலே சொன்னவை அனைத்தும் உண்மை. ஆனாலும் போரையும் அரசியலையும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் ஜூடோ பின்னுக்குப் போய்விடுகிறது என்பது என் ஆதங்கம். துன்பப்பட்ட ஊர்கள் உலகில் எத்தனையோ உண்டு. அவை எல்லாவற்றிலிருந்தும் ஒலிம்பிக் வாகையர் வந்துவிடவில்லை. ஆகவே மெத்தையின் மேல் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம்.

எடைப் பிரிவுகளைக் கவனியுங்கள். டோக்கியோவில் கிராஸ்னிச்சி 48 கிலோ, கெல்மெண்டி 52 கிலோ, ஜியாகோவா 57 கிலோ. மூன்றும் அடுத்தடுத்த பிரிவுகள். ராண்டோரி, அதாவது இருவர் பிடித்து எறிந்து பழகும் பயிற்சிச் சண்டை, செய்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். 52 கிலோக்காரருக்கு வேகத்தைச் சோதிக்க 48 கிலோவும், வலிமையைச் சோதிக்க 57 கிலோவும் அதே கூடத்தில், அதுவும் உலகத் தரத்தில், நாள்தோறும் கிடைத்தார்கள். பெரிய நாடுகள் இத்தகைய பயிற்சித் துணைகளை ஓரிடத்தில் சேர்ப்பதற்குத் தேசிய மையங்களை அமைத்துச் செலவிடுகின்றன. பெயாவில் அவர்கள் சிறுவயது முதலே ஒன்றாக இருந்தார்கள். ஒருத்தியின் பிடியை மற்றவள் பத்து ஆண்டுகளாக அறிவாள். பழகிப்போன பிடியை உடைத்து எறிவதற்குப் புதிதாக எதையாவது கண்டுபிடித்தே ஆக வேண்டும். சிறிய டோஜோவின் (பயிற்சிக் கூடத்தின்) குறை என்று எல்லோரும் சொல்வது ஆட்கள் குறைவு என்பதைத்தான். இங்கே ஆட்கள் குறைவாக இருந்தாலும் அவர்களின் தரம் அந்தக் குறையை ஈடுசெய்துவிட்டது.

எடைப் பிரிவில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. ஒலிம்பிக்கில் ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான் போக முடியும். கெல்மெண்டி 52 கிலோவில் இருந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கிராஸ்னிச்சி 48 கிலோவில் தங்கம் வென்றார். கெல்மெண்டி ஓய்வுபெற்றபின் 52 கிலோவுக்கு ஏறி, பாரிஸில் வெள்ளி வென்றார். ஒலிம்பிக் தங்கம் வாங்கிய எடையை விட்டுவிட்டு மேல் பிரிவுக்குப் போய் அடுத்த ஒலிம்பிக்கிலும் இறுதிப் போட்டியை எட்டுவது எவ்வளவு கடினம் என்பதை எடைக்குறைப்பின் வேதனையை அறிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நான்கு கிலோதானே என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தோன்றும். அந்த நான்கு கிலோவில் எதிராளியின் கையின் நீளம், இடுப்பின் கனம், தாக்கும் தாளம் எல்லாமே மாறிவிடும்.

ரியோ இறுதியையும் உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அன்று, 2016 ஆகஸ்ட் 7-இல், கெல்மெண்டி அரையிறுதியில் ஜப்பானின் மிசாட்டோ நாகாமுராவைத் தாண்டி, இறுதியில் இத்தாலியின் ஒடெட்டே ஜியுஃப்ரிடாவை ஒரே ஒரு யூக்கோவால் வென்றார். யூக்கோ என்பது அப்போதிருந்த மிகச் சிறிய புள்ளி. 2017-இல் விதிகளிலிருந்து நீக்கப்பட்டு, 2025-இல் திரும்பவும் சேர்க்கப்பட்டது. நடுவில் சேர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்காவிட்டால், அந்த எறிதலுக்கு ஏன் புள்ளி கிடைத்தது என்று குழம்புவார்கள். அந்தச் சிறிய முன்னிலையை இறுதி மணி ஒலிக்கும்வரை விடாமல் காத்த விதத்தில்தான் எனக்குக் கூகாவின் பயிற்சி தெரிகிறது. முன்னிலை பெற்றபின் தாக்குதலை நிறுத்தினால் ஷிடோ என்ற தண்டனை விழும்; கண்மூடித்தனமாகத் தாக்கினால் எதிர்த்தாக்குதலில், சண்டையை அங்கேயே முடித்துவிடும் இப்போன் என்ற முழுப் புள்ளி போகும். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் அந்தக் குறுகிய வழியில் நடப்பதற்குப் பிடியின் மேல் முழு ஆளுமை வேண்டும்.

மறுமொழி 3 (எழுதியவர்: ஓரத்து நாற்காலி)

ஒரு சிறு சேர்க்கை, அதன்பின் ஒரு மாறுபட்ட கருத்து.

சேர்க்கை இது: ஐந்து பதக்கங்கள் என்பது கொசோவோ என்ற நாட்டின் கணக்கு. அந்த மண்ணிலிருந்து ஒலிம்பிக் பதக்கம் வென்றவர் அதற்கு முன்பும் உண்டு. குத்துச்சண்டை வீரர் அசிஸ் சாலிஹு 1984 லாஸ் ஏஞ்சலஸில் வெண்கலம் வென்றார். அது யுகோஸ்லாவியாவின் பெயரில் பதிவானது. "முதல் பதக்கம்" என்று சொல்லும்போது, "கொசோவோவின் கொடியின் கீழ்" என்ற சொற்களையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இனி என் மாறுபாடு. ஜூடோவையும் அரசியலையும் பிரித்துப் பார்க்கலாம் என்று மேலே எழுதிய நண்பர் கருதுகிறார். இவர்கள் விஷயத்தில் என்னால் அது முடியவில்லை. 2014-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரில் உலகப் போட்டி நடந்தபோது, கொசோவோவை ரஷ்யா ஏற்காததால், நடப்பு உலக வாகையரான கெல்மெண்டி பன்னாட்டு ஜூடோ கூட்டமைப்பின் கொடியின் கீழ்தான் போட்டியிட நேர்ந்தது. அங்கும் இறுதியில் ருமேனியாவின் ஆண்ட்ரியா கிட்சுவை வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். உலகின் முதல் இடத்தில் நிற்பவருக்கு, மேடையில் உயரும் கொடி தன்னுடையதாக இல்லை. வேறு நாடுகளுக்காகப் போட்டியிட வந்த அழைப்புகளை மறுத்தவர் அவர் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அவருடைய வயதில் கூகாவின் கையைவிட்டுப் போனதும் இதே வாய்ப்புத்தான். பயிற்சியாளரும் மாணவியும் ஒரே இழப்பை அறிந்தவர்கள். அவர் வாழ்நாளில் அடைபட்ட கதவு இவள் வாழ்நாளில் திறந்தது. இந்த உறவை விட்டுவிட்டு ராண்டோரிக் கணக்கை மட்டும் சொன்னால் பாதிதான் விளங்கும்.

ரியோவில் பதக்க மேடையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எட்டுப் பேர் கொண்ட அணியின் கொடியைத் தொடக்க விழாவில் ஏந்தி வந்தவரும் கெல்மெண்டிதான். அதற்கு இரண்டே நாட்களில், நீலத்தில் பொன்னிற வரைபடமும் ஆறு விண்மீன்களும் கொண்ட அதே கொடி அவருக்காக மேலே ஏறியது. கொசோவோவின் தேசிய கீதத்துக்குப் பாடல் வரிகள் கிடையாது, இசை மட்டுமே. ஆகவே மேடையில் நின்றவருக்குப் பாடுவதற்கு எதுவுமில்லை. கேட்டுக்கொண்டு அழுவதற்குத்தான் முடிந்தது.

பச்சைப்பட்டை எழுதியது

மூவருக்கும் நன்றி. பிடிச்சண்டை சொன்ன அடுத்தடுத்த எடைப் பிரிவுகளை நான் கவனிக்கவே இல்லை. சிறுவர்களுக்கு அது நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் எப்போதும் ஒரே ஆளோடு பயிற்சி செய்யச் சொல்கிறேன் என்பதுதான் அவர்கள் என்னிடம் வைக்கும் முதல் குறை. இன்னும் ஒன்று கேட்கிறேன்: கெல்மெண்டி இல்லாதபோது பெயாவின் இந்தப் பயிற்சிக் கூடம் என்ன ஆனது? டோக்கியோவில் அவர் தொடக்கத்திலேயே தோற்றார் அல்லவா?

மறுமொழி 4 (எழுதியவர்: பழைய தடாமி)

ஆம், ஹங்கேரியின் ரேகா பூப்பிடம் தன் முதல் போட்டியிலேயே தோற்றார். ஆனால் அதற்கு முந்தைய நாளும் மறுநாளும் நடந்தவற்றைப் பாருங்கள். 2021 ஜூலை 24, நிப்பான் புடோகான் அரங்கம். 48 கிலோ இறுதியில் கிராஸ்னிச்சி ஜப்பானின் ஃபுனா டோனாகியை வென்றார். ஜூடோ பிறந்த நாட்டில், அந்த நாட்டின் புகழ்பெற்ற அரங்கில், அந்த நாட்டு வீராங்கனைக்கு எதிராகக் கிடைத்த தங்கம் அது. 25-ஆம் நாள் கெல்மெண்டியின் தோல்வி. 26-ஆம் நாள் 57 கிலோ இறுதியில் ஜியாகோவா. எதிரே பிரான்சின் சாரா லெயோனி சிசிக். தலையை மெத்தையில் ஊன்றிய ஆபத்தான அசைவுக்காகச் சிசிக் தகுதிநீக்கம் செய்யப்பட, தங்கம் ஜியாகோவாவுக்கு வந்தது. தகுதிநீக்கத்தால் வந்த வெற்றி என்று சிலர் அதைக் குறைத்துப் பேசுவது எனக்கு ஏற்பில்லை. கழுத்தைக் காக்க வகுத்த அந்த விதி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்தது. இறுதிவரை வந்துசேர்ந்ததும் யாருடைய தயவாலும் அன்று. உங்கள் பிள்ளைகளுக்கு அந்த விதியைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மூன்று நாட்களும் மெத்தையோரத்துப் பயிற்சியாளர் நாற்காலியில் அமர்ந்திருந்த கூகாவின் நிலையை எண்ணிப் பார்க்கிறேன். இன்றைய விதிப்படி நடுவர் "மட்டே" சொல்லிச் சண்டையை நிறுத்தும் இடைவெளியில் மட்டுமே பயிற்சியாளர் பேசலாம். மற்ற நேரமெல்லாம் வாயை மூடி அமர்ந்திருக்க வேண்டும். இருபது ஆண்டுகளாக வளர்த்த மாணவி தோற்கும்போதும் அப்படித்தான். மறுநாள் காலையில் அடுத்தவளை அழைத்துக்கொண்டு அதே அரங்குக்கு வர வேண்டும்.

கெல்மெண்டி அந்த ஆண்டிலேயே ஓய்வுபெற்று, தேசிய அணியின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். 2024 பாரிஸில் 52 கிலோ இறுதியில் உஸ்பெகிஸ்தானின் டியோரா கெல்டியோரோவாவிடம் தோற்றுக் கிராஸ்னிச்சி வெள்ளி பெற்றார். இரண்டு நாள் கழித்து 63 கிலோவில் லாரா ஃபஸ்லியு வெண்கலம் வென்றார். ஆக, 48, 52, 57 என்று இருந்த வரிசை 63 வரை நீண்டிருக்கிறது. ஆண்கள் பக்கத்தில் நோராவின் தம்பி அகில் ஜியாகோவா 73 கிலோவில் நெடுநாளாகப் போராடி வருகிறார். டோக்கியோவில் கெல்மெண்டியுடன் சேர்ந்து கொடி ஏந்தியவர் அவர். ஒலிம்பிக் பதக்கம் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை.

மறுமொழி 5 (எழுதியவர்: பிடிச்சண்டை)

ஓரத்து நாற்காலி சொன்னதை ஏற்கிறேன். கொடியின் கதையையும் பிடியின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பச்சைப்பட்டை அவர்களுக்கு ஒரு யோசனை. கதையைச் சொல்லி முடித்ததும் பிள்ளைகளை எடை வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொருவரையும் தனக்கு மேலே ஒருவரோடும் கீழே ஒருவரோடும் இரண்டிரண்டு நிமிடம் ராண்டோரி செய்ய விடுங்கள். கீழே இருப்பவர் பிடியைத் தொடுவதற்கு முன்பே நழுவுவார். மேலே இருப்பவர் பிடித்தால் அசையமாட்டார். அது முடிந்தபின், பெயாவின் அந்த மூவரும் இதைத்தான் ஆண்டுக்கணக்கில் செய்தார்கள் என்று சொல்லுங்கள்.