துணிக்கூடைக்குள் ஆஸ்கர்

ரேவதி: இந்த வீடியோவைப் பாருங்கள். நிலா அழுக்குத் துணிக்கூடைக்குள் இறங்கி, மூடியைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யார் பக்கத்தில் போனாலும் மூடியைத் தூக்கி "போ! போயிடு!" என்று கத்திவிட்டு டமால் என்று மூடிக்கொள்கிறாள்.

கார்த்தி: அடடா, ஆஸ்கர்! செசமி ஸ்ட்ரீட்டில் குப்பைத்தொட்டிக்குள் குடியிருக்கும் சிடுமூஞ்சிப் பொம்மை 😂 1969-ல் தொடங்கிய அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சி. மனுஷன் இன்னும் ஆள் பிடிக்கிறார் பார் அக்கா.

ரேவதி: சிரிக்காதே. எழுத்து சொல்லித் தரும், எண் சொல்லித் தரும் என்று தேடிப் பிடித்துப் போட்டேன். இவளுக்குச் சிடுசிடுப்புதான் ஒட்டியிருக்கிறது.

பெரியம்மா: டிவியை நிறுத்து. தானாகச் சரியாகிவிடும்.

அப்பா: நேற்று டிவியே போடவில்லை. காலையில் எழுந்ததும் நேரே கூடைக்குத்தான் போனாள்.

சுதா சித்தி: அதில் ஆச்சரியமே இல்லை அத்தான். மெல்ட்ஸாஃப் என்ற குழந்தை உளவியல் ஆய்வாளர் 1988-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒருவர் ஒரு பொம்மையைப் பிரித்துக் காட்டுவதை 14 மாதக் குழந்தைகளுக்கு டிவியில் காட்டினார். மறுநாள் அதே பொம்மையைக் கையில் கொடுத்தால் பல குழந்தைகள் அப்படியே பிரித்தன. நிலாவுக்கு மூன்று வயது. ஒரு நாள் டிவி போடாவிட்டால் மறந்துவிடுவாளா?

ரேவதி: அப்படியானால் நல்லதையும் பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே சித்தி? அதே நிகழ்ச்சியில் வரும் மஞ்சள் பறவை பிக் பேர்ட் எவ்வளவு நல்ல பிள்ளை! அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கார்த்தி: அக்கா, பிக் பேர்டுக்கும் ஆஸ்கருக்கும் உயிர் கொடுத்தவர் ஒரே ஆள்தான். கேரல் ஸ்பின்னி. 1969-ல் சேர்ந்தவர், 2018-ல் ஓய்வு பெற்றார். பல பத்தாண்டுகள் இரண்டு வேஷமும் அவருடையதுதான். நல்ல பிள்ளையும் உள்ளேதான் இருக்கிறது, பொறு.

சுதா சித்தி: பிக் பேர்டாக இருந்து அவளுக்கு என்ன லாபம், சொல்? நாள் முழுக்கக் கேட்பது "அதைத் தொடாதே, இறங்கு, வாயைத் திற, செருப்பைப் போடு". ஆஸ்கராக இருந்தால் திரும்ப "போ" என்று சொல்லலாம். எவ்வளவு எரிந்து விழுந்தாலும் அந்தத் தெருக்காரர்கள் அவரை விட்டுவிட மாட்டார்கள். என் வகுப்பிலும் வாயே திறக்காத பிள்ளைதான் விளையாட்டில் முதலில் சிங்கமாகும்.

பெரியம்மா: வீட்டுக்கு வருகிறவர்களையும் போ என்று சொன்னால் நன்றாகவா இருக்கும் சுதா?

சுதா சித்தி: கூடைக்குள் இருந்து சொன்னால் விளையாட்டு அக்கா. வெளியே நின்று முகத்தைப் பார்த்துச் சொன்னால் அப்போது கண்டிக்கலாம்.

பிரபு: எங்கள் ஆதி வேறு ரகம். அமெரிக்காவில் குழந்தைகளுக்கு டிவி நிகழ்ச்சி நடத்திய மிஸ்டர் ராஜர்ஸ்தான் அவனுக்கு; அவர் வீட்டுக்குள் வந்ததும் செய்வதையெல்லாம் செய்கிறான். வெளியே போய்விட்டு வந்ததும் ஷூவைக் கழற்றி இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறான். அப்புறம் ஸ்வெட்டர். ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, பாதிக்கு இறக்கினால்தான் திருப்தி.

ரேவதி: அண்ணா, பிள்ளையை மாற்றிக்கொள்ளலாமா?

பிரபு: அவசரப்படாதே. இடையில் யாராவது பேசிவிட்டால் மறுபடி வாசலுக்குப் போய் முதலிலிருந்து தொடங்குவான். சாப்பாடு ஆறிப் போகும். இதில் "மீனுக்குச் சாப்பாடு போடுகிறேன்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு காலி ஜாடிக்குள் எதையோ தூவுகிறான். எங்கள் வீட்டில் மீனே கிடையாது.

கார்த்தி: உரக்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது அண்ணா. ராஜர்ஸ் நிகழ்ச்சியில் மீனுக்குச் சாப்பாடு போடுவார். பார்வையில்லாத ஒரு சிறுமி அவருக்குக் கடிதம் எழுதினாள். மீனுக்குச் சாப்பாடு போட்டாரா இல்லையா என்று தெரியாமல் கவலையாக இருக்கிறது, வாயால் சொல்லுங்கள் என்று கேட்டாள். அதிலிருந்துதான் சொல்லிவிட்டே போட ஆரம்பித்தார்.

பிரபு: இது தெரியாமல் நேற்று "கத்தாமல் போடு" என்றேனே டா.

அப்பா: இங்கே நிலா கூடையிலிருந்து வந்து, செசமி ஸ்ட்ரீட்டின் பிஸ்கட் பைத்தியப் பொம்மை குக்கி மான்ஸ்டர் ஆகிவிட்டாள். பிஸ்கட்டை வாயருகே வைத்து நொறுக்கித் தள்ளுகிறாள். சோபா முழுக்கத் தூள். ஒரு துண்டுகூட உள்ளே போகவில்லை.

சுதா சித்தி: எவ்வளவு கவனம் பாருங்கள் அத்தான்! அந்தப் பொம்மை எங்கே மென்று தின்கிறது? தூள்தானே பறக்கும்.

ரேவதி: சரி, மறுபடி கூடைக்குள் போய்விட்டாள். குளிக்க வர மாட்டாளாம். சித்தி, என்ன செய்ய?

சுதா சித்தி: அம்மாவாகக் கூப்பிடாதே. தெருக்காரியாகப் போய்க் கூடையைத் தட்டு. "ஆஸ்கர், உங்கள் குப்பையை வாங்க வந்திருக்கிறேன்" என்று மரியாதையாகக் கேள்.

பெரியம்மா: நல்ல யோசனை போ. பெற்ற பிள்ளையிடம் குப்பை கேட்கச் சொல்கிறாள்.

ரேவதி: தட்டினேன். மூடி ஒரு விரல் அளவு திறந்தது. ஒற்றைச் சாக்ஸை நீட்டி, உடனே உள்ளே இழுத்துக்கொண்டு, "என் குப்பை, தர மாட்டேன்" என்றாள். அதையும் எடுத்துக்கொண்டு குளிக்க வரலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆஸ்கர் யோசிக்கிறார்.

அப்பா: வந்துவிட்டாள். சாக்ஸும் குளிக்கிறது.

பெரியம்மா: எல்லாம் சரி, அந்த சோபாவை யார் துடைப்பது?