கொப்பியைப் பார்க்காமலே "நன்று" போட்டிருக்கிறேன். எனக்கு என்ன ஆயிற்று?

மஸ்கெலியா டீச்சர்:
இங்கே ஒரு தோட்டப் பாடசாலையில் ஒன்பது வருடமாகப் படிப்பிக்கிறேன். ஐந்தாம் ஆண்டு, புலமைப்பரிசில் வகுப்பு, 34 பிள்ளைகள். போன வாரம் ஒரு பிள்ளையின் கொப்பியில் வீட்டுப்பாடத்துக்குப் பதிலாக ஒரு வரி: "டீச்சர், அப்பாயி செத்துப்போச்சு, அதான் எழுதல." அதற்குக் கீழே சிவப்புப் பேனையால் சரி போட்டு, "நன்று" என்று எழுதி, திகதியும் வைத்திருக்கிறேன். மறுநாள் பக்கத்தைப் புரட்டும்போதுதான் எனக்கே தெரிந்தது. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் ஹட்டனில் பஸ் ஏறும்போதே வயிற்றைப் பிசைகிறது. சனிக்கிழமையும் மேலதிக வகுப்பு. இரவு ஒன்பதுக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் பெற்றோர். கொழுந்து நிறுத்துக் கொடுத்து, வீட்டுக்கு வந்து சமைத்து முடிக்க அவர்களுக்கு அந்த நேரம்தான் ஆகிறது, பாவம். ஆனாலும் போன் மினுங்கினாலே எரிச்சல். முன்பு ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லித்தான் பேசுவேன். இப்போது "அந்தக் கடைசி வாங்கு" என்கிறேன். ஏப்ரல் லீவில் நன்றாகத்தான் இருந்தேன், பாடசாலை தொடங்கி மூன்றாம் நாளே பழையபடி. இது சோம்பலா, ஏதும் நோயா?

பசறை அக்கா:
எல்லாருக்கும் உள்ளதுதான் டீச்சர். இரண்டு நாள் லீவு போட்டு நன்றாகத் தூங்குங்கள், சரியாகும்.

பென்சன் வாத்தியார்:
தூங்கிப் போகிற களைப்பென்றால் ஏப்ரலிலேயே போயிருக்குமே அக்கா. இதற்கு ஆங்கிலத்தில் "பேர்ன்அவுட்" (burnout) என்று பெயர், வேலையால் எரிந்து தீர்ந்துபோவது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு இதை நோய் என்று சொல்லவில்லை. வேலை அழுத்தம் நாட்பட்டு, சமாளிக்க முடியாமல் போகும்போது வருகிற நிலை என்கிறது. அடையாளம் மூன்று: சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்பது, செய்வதில் பலனில்லை என்று தோன்றுவது. உங்கள் "கடைசி வாங்கு" இருக்கிறதே, அது இரண்டாவது.

எனக்கும் வந்தது டீச்சர். அதிபரிடம் போய்க் "களைத்துவிட்டேன்" என்றேன். "யார்தான் களைக்கவில்லை, சேர்?" என்றார். அடுத்த தடவை, ஒரு கிழமையில் பாடவேளைக்கு வெளியே நான் செய்கிற எல்லாவற்றையும் மணிக்கணக்கோடு எழுதிக்கொண்டு போனேன். சத்துணவுப் பதிவேடு, நூலகம், இல்ல விளையாட்டுப் போட்டி. தாளைப் பார்த்ததும் அவரே இரண்டை வேறு ஆட்களுக்கு மாற்றினார். கொப்பி திருத்துவதையும் ஒரு நாளைக்கு ஒரு வரிசை வாங்கு என்று ஆக்கினேன். 34ஐயும் பார்க்காமல் திருத்துவதை விட ஏழு கொப்பியை வாசித்துத் திருத்தலாம். பெற்றோருக்கு ஞாயிறு பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். இரண்டு வாரம் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடுவார்கள்.

பதுளை மிஸ்:
சேர் சொன்னது சரி. ஆனால் முதலில் இரத்தம் சோதித்துப் பாருங்கள் டீச்சர். எனக்கு இதே கதைதான், கடைசியில் பார்த்தால் இரத்தம் குறைவு. தைரொய்டும் இப்படி ஆளைச் சுருட்டிப் போடும். இன்னொன்று, லீவு நாளிலும் சமையல், கோயில், பிள்ளையின் சிரிப்பு எதுவுமே பிடிக்காமல் போனால் அது வேலைக் களைப்பை விடப் பெரியது. அப்போது டொக்டரிடம் போகத்தான் வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு இரவிலும் பேசலாம்.

மஸ்கெலியா டீச்சர்:
இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். நேற்று அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "நன்று"வை அதன் முன்னாலேயே வெட்டினேன். அப்பாயி எந்த மலையில் கொழுந்து எடுத்தார் என்று கேட்டேன். "ஏழாம் நம்பர்" என்றது. பிறகு பத்து நிமிடம் அப்பாயி கதைதான், மணி அடித்ததே இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.

சேர், நீங்கள் சொன்ன தாளை எழுதினேன். இரண்டு பக்கம் வந்திருக்கிறது. திங்கட்கிழமை அதிபரிடம் போகிறேன்.