பத்துப் பேர் சேராமல் தடுப்பூசிக் குப்பியைத் திறக்க மறுத்தது சரியா?

காவிரிக்கரை:
2021-இல் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொரோனா தடுப்பூசி போடப் போனவர்களில் நிறையப் பேர் கேட்ட பதில் இது: "இன்னும் நாலு பேர் வரட்டும், அப்பத்தான் குப்பியைத் திறக்க முடியும்." சிலர் காத்திருந்து போட்டுக்கொண்டார்கள். சிலரை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள். கோவிஷீல்டு குப்பியில் 10 டோஸ், ஒருமுறை திறந்தால் 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதுதான் காரணம். என் கருத்து, திருப்பி அனுப்பியது தவறு. மருந்து நாலு டோஸ் வீணாவதைவிட, தானாக வந்த ஓர் ஆள் ஊசி போடாமல் திரும்புவது பெரிய இழப்பு. மறுப்பவர்கள் எழுதுங்கள். அவரவர் கதை வேண்டாம், நடைமுறையையும் எண்களையும் வைத்துப் பேசலாம்.

ஐஎல்ஆர்_பெட்டி:
மறுக்கிறேன். தேதியைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. 2021 ஜனவரி 16-இல் மருத்துவப் பணியாளர்களுக்குத் தொடங்கியது. மார்ச் 1 முதல் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், இணைநோய் உள்ள 45 வயது நிரம்பியவர்கள். ஏப்ரல் 1 முதல் 45 தாண்டிய எல்லோரும். மே 1 முதல் 18 வயது நிரம்பிய அனைவரும். வாசல் இப்படித் திறந்துகொண்டே போனது, சரக்கு அதே வேகத்தில் வரவில்லை. மே, ஜூன் மாதங்களில் பல மையங்களில் "தடுப்பூசி இருப்பு இல்லை" என்று பலகை மாட்டினார்கள். ஓர் ஊரில் நாலு டோஸைக் குப்பையில் போட்டால் பக்கத்து ஊரில் நாலு பேருக்கு இல்லை. அப்போது அது வெறும் கணக்கல்ல, ஆள்.

4 மணி நேரம் என்பதும் யாரோ மேசையில் உட்கார்ந்து போட்ட விதியல்ல. கோவிஷீல்டில் கிருமி வளராமல் தடுக்கும் பதப்பொருள் கிடையாது. ரப்பர் மூடியில் முதல் ஊசி இறங்கிய நிமிடத்திலிருந்து ஒவ்வொரு குத்தும் கிருமி உள்ளே போக ஒரு வழி. நேரம் தாண்டிய குப்பியை "இன்னும் ரெண்டு பேருக்குத்தானே" என்று நீட்டிக்க முடியாது.

தமிழ்நாட்டின் தலையில் இதில் ஒரு பழியும் இருந்தது. 2021 ஏப்ரல் 11 வரையான கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, வீணாக்கிய விகிதத்தில் முதலிடம் தமிழ்நாடு, 12.10 சதவீதம். அதற்குப் பிறகு கெடுபிடி வந்ததில் வியப்பில்லை.

செவிலி27:
அந்த 12.10 சதவீதம் எப்படி வந்தது என்று பாருங்கள். ஒரு அமர்வுக்கு 100 பேர் என்று திட்டம் போட்டார்கள். பெயர் கொடுத்த மருத்துவப் பணியாளர்களே முதல் வாரங்களில் பாதிக்குமேல் வராத இடங்கள் உண்டு. செவிலியர் கை தவறிக் கொட்டிய மருந்து இல்லை அது. ஆள் வராததால் 4 மணி நேரம் கடந்த மருந்து.

ஆள் ஏன் வரவில்லை? பயம். பிறகு அந்தப் பயம் இன்னும் கூடியது: நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி காலமானார். தடுப்பூசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று தடுப்பூசிப் பக்கவிளைவுகளுக்கான தேசியக் குழு ஆராய்ந்து சொன்ன முடிவு வெளியே தெரிய அக்டோபர் ஆகிவிட்டது. நடுவில் ஆறு மாதம் வாட்ஸ்அப்தான் பேசியது. அந்தப் பயத்தைத் தாண்டி, அரை நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி ஒருவர் வருகிறார். அவரைப் பார்த்து "ஆள் சேரல, நாளைக்கு வாங்க" என்கிறோம். அவர் நாளைக்கு வருவார் என்று எந்த நம்பிக்கையில்? இரண்டாம் டோஸுக்கு 84 நாள் கழித்து மறுபடி வரவேண்டியவர் வேறு அவர்.

வீணான டோஸுக்குப் பதிவேட்டில் ஒரு கட்டம் இருந்தது, மாவட்டக் கூட்டத்தில் கேள்வி வந்தது. திருப்பி அனுப்பியவருக்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை. அதனால்தான் இந்தத் தவறு யார் கண்ணிலும் படவில்லை.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் விட்ட ஒரு விஷயம்: வீணாவது எப்போதும் நாளின் கடைசிக் குப்பியில்தான். முந்தைய குப்பிகள் தானாகத் தீர்ந்துவிடும். கடைசிக் குப்பியில் மிஞ்சுவது 0 முதல் 9 வரை எதுவும் இருக்கலாம், சராசரி நாலரை டோஸ். ஒரு நாளில் 450 பேருக்குப் போடும் பெரிய மையத்தில் அது 1 சதவீதம். 150 பேர் என்றால் 3 சதவீதம். 20 பேர் வரும் துணை சுகாதார நிலையத்தில் 18 சதவீதத்தைத் தொடும். அதே செவிலியர், அதே கவனம், ஆனால் ஊர் சின்னது, அவ்வளவுதான்.

வீணாவதை 1 சதவீதத்துக்குள் வைக்க மத்திய அரசு சொன்னது. ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த திருத்திய வழிகாட்டுதலில், வீணாக்கினால் மாநிலத்துக்கான ஒதுக்கீட்டையும் அது பாதிக்கும் என்று இருந்தது. மாநில அளவில் இது சரியான இலக்காக இருக்கலாம். அதே 1 சதவீதத்தை 20 பேர் வரும் துணை நிலையத்துக்கும் கீழே தள்ளினால், "பத்துப் பேர் சேரட்டும்" என்பதைத் தவிர அங்கே இருப்பவருக்கு வேறு வழியே கிடையாது.

ஐஎல்ஆர்_பெட்டி:
கணக்கு சரி. ஆனால் ஒதுக்கீடு குறையும் என்று எழுதிய பிறகு மாநிலம் என்ன செய்யும்? கொட்டியது ஒருமுறை நட்டம், அடுத்த ஒதுக்கீட்டில் குறைந்தால் இரண்டாம் முறை நட்டம். செவிலி27 சொல்லும் தாராளம் கடைசியில் இன்னும் பலரைத் திருப்பி அனுப்புவதில்தான் முடிந்திருக்கும்.

செவிலி27:
அப்படியானால் பதினோராவது டோஸைக் கணக்கில் சேருங்கள். குப்பியில் 5 மி.லி.க்குச் சற்றுக் கூடுதலாகவே நிரப்பியிருப்பார்கள். ஒழுங்காக எடுத்தால் 11 டோஸ் வரும். கேரளம் மே தொடக்கத்தில் காட்டியது அதைத்தான்: வந்தது 73,38,806 டோஸ், போட்டது 74,26,164. தமிழ்நாடும் மே 1 முதல் ஜூலை 13 வரை 5.88 லட்சம் டோஸ் கூடுதலாகப் போட்டது, அந்தக் காலத்தில் வீணாக்கியது ஒன்றுமில்லை. ஏப்ரலில் வீணாக்குவதில் முதலிடத்தில் இருந்த மாநிலம் இது. பத்துக் குப்பியில் 110 டோஸ் எடுக்கும் வட்டாரம், சின்ன ஊர்களில் 10 டோஸை இழந்தாலும் வீணாக்கம் சுழியம்தான். அந்தப் பத்தை எதற்குச் செலவிடுகிறோம்? கூடுதல் சாதனை என்று அறிவிக்கவா, ஆறு பேர் வந்த ஊரில் குப்பியைத் திறக்கவா?

ஐஎல்ஆர்_பெட்டி:
பதினோராவது டோஸ் உறுதியானது போல எழுதாதீர்கள். அது சிரிஞ்சைப் பொறுத்தது, கையைப் பொறுத்தது. 0.5 மி.லி. ஏடி சிரிஞ்சில் (ஒருமுறை பயன்படுத்தியதும் தானே பூட்டிக்கொள்வது) ஊசி சிரிஞ்சோடு சேர்ந்தே இருக்கும், நுனியில் மருந்து தங்கும் இடம் மிகக் குறைவு. ஊசியைத் தனியாக மாட்டும் 2 மி.லி. சிரிஞ்சில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தங்கிவிடும், பத்து முறையில் ஒரு டோஸ் அங்கேயே போய்விடும். ஏடி சிரிஞ்சில் வேறு சிக்கல்: பிஸ்டனை ஒருமுறைதான் பின்னால் இழுக்க முடியும். பழக்கத்தில் முதலில் காற்றை இழுத்துக் குப்பிக்குள் தள்ளினால் பிஸ்டன் பூட்டிக்கொள்ளும், சிரிஞ்ச் போச்சு. காற்று இழுக்காமல் ஊசியை மூடிக்குள் இறக்கி, குப்பியைக் கவிழ்த்து, ஊசி நுனி மருந்துக்குள்ளேயே இருக்கும்படி 0.5 கோடு வரை மெதுவாக இழுக்க வேண்டும். குமிழி இருந்தால் ஊசி குப்பியில் இருக்கும்போதே சிரிஞ்சைத் தட்டி, கோட்டுக்குக் கீழே போகாமல் சரிசெய்ய வேண்டும்.

கடைசியில் 0.4 மி.லி. நின்றால் அது டோஸ் அல்ல. அடுத்த குப்பியிலிருந்து 0.1 எடுத்துச் சேர்க்கவே கூடாது. ஒன்றில் கிருமி இருந்தால் இரண்டும் கெடும், பக்கவிளைவு வந்தால் எந்தத் தொகுதி (பேட்ச்) எண்ணைப் பதிவது என்றும் தெரியாது. கூடுதல் டோஸை இலக்காக்கினால் இந்தத் தப்புகளுக்குத்தான் தூண்டுதல்.

காவிரிக்கரை:
இந்த எச்சரிக்கை முழுக்க நியாயம். ஆனால் இதில் "பத்துப் பேர் கண்ணெதிரே இருக்க வேண்டும்" என்பதற்கு எங்கே காரணம் இருக்கிறது? 4 மணி நேர விதி சொல்வது என்ன? திறந்த பிறகு 4 மணி நேரம் பயன்படுத்தலாம் என்று. காலை 9-க்குத் திறந்தால் மதியம் 1 வரை. அந்த நேரத்துக்குள் பத்துப் பேர் வரக்கூடிய மையத்தில் முதல் ஆளுக்கே திறந்துவிடலாம். பத்துப் பேர் சேர்ந்த பிறகு திறந்தால் அரை மணியில் குப்பி தீர்ந்துவிடும், மிச்சம் மூன்றரை மணி நேரத்தை யாரும் பயன்படுத்தவில்லை. அந்த நேரத்தைத்தான் காத்திருந்தவர்களிடமிருந்து பிடுங்கினோம். அதுவும் இரண்டாம் அலையில், காற்றோட்டமில்லாத அறையில், பத்துப் பேரைச் சேர்த்து உட்காரவைத்து. போட்ட பிறகு 30 நிமிடக் கண்காணிப்புக்கும் அதே பத்துப் பேர் ஒன்றாக.

கணக்குப்பிள்ளை:
இதுதான் மையப் புள்ளி. எண்ண வேண்டியது எதிரே இருப்பவர்களை இல்லை, அடுத்த 4 மணி நேரத்தில் வரக்கூடியவர்களை. காலைக் குப்பிக்குப் பத்துப் பேர் விதியே தேவையில்லை.

ஐஎல்ஆர்_பெட்டி:
காலைக் குப்பி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "வரக்கூடியவர்கள்" என்பதை யார் கணிப்பது? சந்தை நாள், மழை, நூறு நாள் வேலை, எல்லாம் மாற்றும். ஞாயிறு முகாமுக்குப் பிறகு கறி, மது கூடாது என்று மக்கள் தயங்குகிறார்கள் என்பதால் ஆறாவது மெகா தடுப்பூசி முகாமையே அக்டோபர் 23, சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அரசுக்கே கணிக்க அத்தனை வாரம் ஆனது.

தென்காசிச்சாரல்:
கணிக்க வேண்டாம், கூப்பிடலாம். இரண்டாம் டோஸ் தவணை வந்தவர்களின் பட்டியலும் கைபேசி எண்ணும் கோவின் பதிவுத் தளத்தில் இருந்தன. கடைசி ஒரு மணி நேரத்தில் ஆறு பேர் இருந்தால் பட்டியலிலிருந்து நாலு பேரை அழைத்துவிட்டுக் குப்பியைத் திறக்க வேண்டியதுதான். இது நன்றாக ஓடிய ஊர்களில் கிராம சுகாதார செவிலியரிடம் பத்துப் பதினைந்து எண்கள் எப்போதும் தயாராக இருந்தன. எண் வாங்காமல் வந்தவரைத் திருப்பி அனுப்பியதுதான் மன்னிக்க முடியாத பகுதி. ஒரு நோட்டில் பெயரும் எண்ணும் எழுதியிருந்தாலே பாதிப் பேரைப் பிடித்திருக்கலாம்.

செவிலி27:
இன்னொரு வழி கோவாக்சின். அதில் பதப்பொருள் உண்டு. திறந்த குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வைத்து 28 நாள் பயன்படுத்தலாம் என்று 2021 ஜூலையில் அறிவித்தார்கள். சின்ன மையங்களுக்கு அதையும் பெரிய மையங்களுக்குக் கோவிஷீல்டையும் பிரித்திருந்தால் இந்தச் சண்டையே இல்லை.

ஐஎல்ஆர்_பெட்டி:
தாளில் அழகு. வந்த சரக்கில் பெரும்பகுதி கோவிஷீல்டு. முதல் டோஸ் எதுவோ இரண்டாவதும் அதுவே. கோவிஷீல்டு போட்டவர் 84 நாள் கழித்து அதே துணை நிலையத்துக்கு வந்தால் கோவாக்சினைக் காட்ட முடியாது. தவிர, 28 நாள் விதி குளிர் அறுபடாமல் இருந்தால்தான். தடுப்பூசி கொண்டுபோகும் கேரியரில் வைக்கும் ஐஸ் பேக்கை உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் வைக்கக் கூடாது, வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும்வரை வெளியே வைக்க வேண்டும். அவசரத்தில் அப்படியே வைத்தால் குப்பி உறையும். கோவாக்சினில் அலுமினியச் சேர்மம் இருப்பதால் உறைந்தது வீண், வெளியிலிருந்து பார்த்தால் எளிதில் தெரியாது. திறந்த குப்பி தினமும் துணை நிலையத்துக்குப் போய் மாலை திரும்புவது 28 நாளும் பிசகாமல் நடக்க வேண்டும்.

தென்காசிச்சாரல்:
சரக்கு தாராளமான பிறகும் பழைய பழக்கம் விடவில்லை என்பதையும் பேசுவோம். செப்டம்பர் 12 முதல் மெகா முகாமில் 40,000 இடங்கள், ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேல் போட்டார்கள். அந்த அளவுக்கு மருந்து இருந்த காலத்திலும் வாரநாளில் மூன்று பேரை உட்காரவைத்து ஏழு பேருக்குக் காத்திருந்த மையங்கள் உண்டு. மே மாதத்து நியாயம் அக்டோபருக்குச் செல்லாது.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் போட மத்திய அரசு அனுமதித்தது செப்டம்பர் கடைசியில். அங்கே பத்து என்ற எண் முற்றிலும் உடைந்தது. ஒரு வீட்டில் ஊசி, பதிவு, 30 நிமிடக் கண்காணிப்பு, அடுத்த வீட்டுக்குப் பயணம் எல்லாம் சேர்த்து 40 முதல் 50 நிமிடம். 4 மணி நேரத்தில் ஐந்து வீடு. மீதி ஐந்து டோஸை அந்தந்த வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கும் பக்கத்து வீட்டு முதியவருக்கும் போட்டால் குப்பி தீரும். புறப்படும் முன்பே இந்தப் பத்துப் பெயரையும் எழுதியிருக்க வேண்டும். அட்ரினலின் உள்ள அவசரப் பெட்டி இல்லாமல் கிளம்பக் கூடாது.

ஐஎல்ஆர்_பெட்டி:
சரக்கு இருந்த காலத்தைப் பற்றி எனக்கும் வேறு கருத்து இல்லை. என் எல்லை இது: காலையில் முதல் ஆளுக்கே திறக்கலாம். மதியத்துக்குப் பிறகு, மருந்து தட்டுப்பாடு உள்ள வாரத்தில், ஆறு பேருக்குக் குறைவாக இருந்தால் எண் வாங்கிக்கொண்டு மறுநாள் முதல் டோக்கனைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். திறந்த நேரத்தைக் குப்பியின் மேல் பேனாவால் எழுத வேண்டும். வீணான டோஸின் பொறுப்பைச் செவிலியர் தலையில் வைக்காமல் மருத்துவ அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும்.

செவிலி27:
கையெழுத்து யோசனை நல்லது, அது இருந்திருந்தால் பாதிப் பேர் தயங்காமல் திறந்திருப்பார்கள். ஆனால் ஆறு என்ற எண்ணை மலைக் கிராமத்துக்கு வைக்காதீர்கள். ஜவ்வாது மலை, கொல்லிமலைக் குடியிருப்புகளுக்கு அணி மாதத்தில் ஒருநாள் ஏறுகிறது என்றால், அங்கே மறுநாள் டோக்கன் என்று ஒன்று இல்லை. பிசிஜிக்கும் தட்டம்மை ஊசிக்கும் குப்பியிலுள்ள பொடியைக் கரைத்தபின் அதே 4 மணி நேரம்தான், ஒரு குழந்தைக்காகவும் திற என்றுதான் சொல்லித்தருகிறோம். அங்கே ஒருவர் வந்தாலும் திறக்க வேண்டும்.

ஐஎல்ஆர்_பெட்டி:
மலைக்கு ஒப்புக்கொள்கிறேன். சமவெளியில் ஆறுதான்.

செவிலி27:
சமவெளியில் நாலு. மூன்று மணிக்கு வந்தவர் சர்க்கரை நோயுள்ள அறுபது வயதுக்காரர் என்றால் அவர் ஒருவரே போதும்.